பொன்னுத்தாய் படிக்காமல் இருந்த வாரம்

"எனக்கு ஒண்ணும் மண்டையில ஏற மாட்டேங்குது, டீச்சர்" என்றாள் பொன்னுத்தாய்.

ரெஜினா டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். "எது ஏறல?"

"எல்லாமேதான். அறிவியல் படிச்சா கணக்கு மறந்துபோகுது. கணக்குப் போட்டா செய்யுள் ஓடிப்போகுது. இங்கிலீஷைப் பத்திக் கேக்கவே வேண்டாம். அஞ்சு புத்தகமும் அஞ்சு பக்கமா இழுக்குது."

பொன்னுத்தாய்க்கு நாற்பத்திரண்டு வயது. கரிசல்காட்டு நடுநிலைப் பள்ளி ஒன்றில் சத்துணவுக் கூடத்து உதவியாள். படிப்பு அஞ்சாம் வகுப்போடு நின்றுபோனது. எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதித் தேறிவிட்டால் சமையலர் வேலைக்கு மனுப் போடலாம். அதற்காகத்தான் தினமும் பாத்திரம் கழுவி முடித்ததும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வகுப்பில் வந்து உட்காருவாள். பிள்ளைகளுக்கு நடத்துகிற பாடம்தான் அவளுக்கும்.

டீச்சர் அவளைவிடப் பதினைந்து வயது இளையவள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

டீச்சர் கையை நீட்டினாள். பொன்னுத்தாய் ஐந்து புத்தகங்களையும் கொடுத்தாள். அவற்றை பீரோவில் வைத்துப் பூட்டினாள் டீச்சர்.

"ஒரு வாரத்துக்கு வகுப்புக்கு வராதீங்க அக்கா. எட்டாம் வகுப்புப் பாடம் எதுவும் உங்க கண்ணுல படக் கூடாது."

"பட்டுட்டா?"

"வந்து எங்கிட்ட சொல்லுங்க."

பொன்னுத்தாய்க்கு முகம் சுண்டிவிட்டது. உனக்குப் படிப்பு வராது என்பதைத்தான் டீச்சர் பக்குவமாகச் சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு வகுப்பு ஜன்னலில் அவள் தலை தெரிந்தது.

"பட்டுருச்சு டீச்சர்."

"எங்க?"

"அடுப்புல. சோத்துப்பானை மூடி தடதடன்னு ஆடுது. பத்து வருசமா ஆடுறதுதான். இன்னைக்கு என்னமோ, உள்ள ஆவி முட்டுறது தெரியுது."

"சரி, போங்க."

அதற்கடுத்த நாளும் வந்தாள்.

"பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துல கிராம சபைக் கூட்டம்னு ஒட்டியிருக்கு. நான் வேணும்னு படிக்கல டீச்சர். கண்ணு தானாப் படிச்சிருச்சு. அந்தக் கூட்டத்துல நானும் உக்காரலாம்தானே?"

"போங்க" என்றாள் டீச்சர்.

சமையலுக்குப் போகச் சொன்னாளா, கூட்டத்துக்குப் போகச் சொன்னாளா என்று பொன்னுத்தாய்க்குப் புரியவில்லை.

புதன்கிழமை அப்படிப் போனது. வியாழக்கிழமை சமையலர் வெள்ளத்தாய் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். நாலாம் வகுப்பு கோமதி. வாய் நிறைய அரிசி.

"தினம் சாக்குல கையளவு குறையுது. எலின்னு நெனச்சேன். பாரு, இந்தக் கழுதைதான். ஹெச்செம்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

பிள்ளை அழவில்லை. மென்றதை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

திருடுகிறவள் எதற்கு வேகாத அரிசியைத் தின்ன வேண்டும் என்று பொன்னுத்தாய்க்குத் தோன்றியது. இன்னும் அரைமணி நேரத்தில் சுடுசோறு தட்டில் விழப்போகிறது.

அவள் கோமதிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளைத்துணி மாதிரி இருந்தது. நகத்தைப் பார்த்தாள். நகமும் அப்படித்தான்.

"மண்ணும் திம்பியாம்மா?"

கோமதி தலையாட்டினாள்.

"மாடி ஏறுனா மூச்சு வாங்குதா?"

அதற்கும் தலையாட்டினாள்.

"கையை விடு வெள்ளத்தாயி" என்றாள் பொன்னுத்தாய். "இது திருட்டு இல்ல. இந்தப் புள்ளைக்கு ரத்தம் இல்ல."

தலைமை ஆசிரியரிடம் தானே போய்ச் சொன்னாள். சாப்பாடு முடிந்ததும் அவர் அவளையும் கோமதியையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த கோமதியின் அம்மா மாடத்தியைக் கூப்பிட்டுக்கொண்டு மூன்று பேருமாக பஸ் ஏறினார்கள்.

"ரெண்டு மாசமாச் சுருண்டு சுருண்டு படுக்கா. முனி பாத்திருக்கும்னு கயிறு கட்டினேன்" என்றாள் மாடத்தி.

"கயிறு கெடக்கட்டும். ஊசி குத்தி ரத்தம் பாப்பாங்க. அதுக்குச் சரின்னு சொல்லு."

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டை இரண்டு முறை பார்த்தாள்.

"ஹீமோகுளோபின் பன்னெண்டு கிட்ட இருக்கணும். ஆறுதான் இருக்கு."

"பாதிதான்" என்றாள் பொன்னுத்தாய், மாடத்திக்கு விளங்கும்படி.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கஷ்டமாப் போயிருக்கும். யார் கண்டுபிடிச்சது?"

மாடத்தி பொன்னுத்தாயைக் காட்டினாள். டாக்டரம்மா அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாத்திரையை அவள் கையிலேயே கொடுத்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது பொன்னுத்தாய் மாத்திரை அட்டையில் இருந்த இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தாள். மருந்துச் சீட்டில் எழுதியிருந்ததும் அட்டையில் இருந்ததும் ஒன்றுதான் என்று தெரிந்தபிறகே மூச்சு விட்டாள். தினம் ஒன்று, எந்தத் தேதியில் தீரும், மறுபடி எந்தக் கிழமை வர வேண்டும் என்று விரல்விட்டுச் சொன்னாள். மாத்திரையோடு டீத்தண்ணி கொடுக்காதே, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடு என்றாள்.

மாடத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் வந்து சேரும்வரை விடவில்லை.

திங்கள்கிழமை வகுப்பு தொடங்குமுன் பொன்னுத்தாய் வந்தாள். பின்னால் மாடத்தி தயங்கித் தயங்கி வந்தாள்.

டீச்சர் பீரோவைத் திறந்து புத்தகங்களை மேசைமேல் பரப்பினாள்.

"வியாழக்கிழமையிலேர்ந்து ஜன்னல் பக்கமே வரலியே அக்கா. எதுவும் கண்ணுல படலியா?"

பொன்னுத்தாய் நடந்ததை எல்லாம் சொன்னாள்.

"சரி. இதுல எது எந்தப் புத்தகத்துல இருக்கு? எடுத்துக் காட்டுங்க."

பொன்னுத்தாய் அறிவியலைத் தொட்டாள். பிறகு கணக்கை. கை அங்கேயே நின்றுவிட்டது.

"பிரிச்சுச் சொல்லத் தெரியல டீச்சர். வேண்டியிருந்துச்சு, வந்துச்சு." "நீங்க என்னைய உள்ள உக்கார விடலேன்னா, அந்தப் புள்ளைய நானும் திருடின்னுதான் சொல்லியிருப்பேன். இதுக்கு நான் உங்களுக்கு என்ன செய்யப்போறேன்."

டீச்சர் திரும்பி மாடத்தியைப் பார்த்தாள்.

"கோமதியோட அம்மா" என்றாள் பொன்னுத்தாய். "ஆஸ்பத்திரி நோட்டுல கைநாட்டு வச்சது அவளுக்கு மனசுக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சாம். பேரு எழுதக் கத்துக்கணும்னு கேட்டா. உங்ககிட்டக் கூட்டிட்டு வந்தேன்."

டீச்சர் ஒரு சாக்பீஸை எடுத்து பொன்னுத்தாயிடம் நீட்டினாள்.

"நான் இன்னும் எட்டாம் வகுப்பே முடிக்கலியே டீச்சர்."

"அவங்க யார்கிட்ட கேட்டாங்க?"

"எங்கிட்டத்தான்."

டீச்சர் கரும்பலகையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு விலகி நின்றாள்.