பத்தாவது குடுக்கை

ஏய், உக்காருங்க எல்லாரும். அந்த முறுக்கைக் கடிக்கிற சத்தம் முதல்ல நிக்கட்டும். ஏம்மா ரெட்டைச்சடை, பக்கத்துல இருக்கிறவன் தொடையைக் கிள்ளுறதைக் கதை முடிஞ்சப்புறம் வச்சுக்க. மூக்குச் சிந்துறவங்க இப்பவே சிந்திருங்க, நடுவுல சிந்தக் கூடாது. ஆச்சா? வாய் மூடியாச்சா? சரி.

ஒரு காட்டுல ஒரு கரடி இருந்துச்சு. பேரு சடையப்பன். உடம்பு பூரா முடி, மனசு பூரா பெருமை. காட்டுல எந்த வேலை வந்தாலும் "விடு, நான் பாத்துக்கிறேன்"னு முன்னால வந்து நிக்கும். கல்யாணமா, பந்தக்கால் நட அது. சாவா, பாடை தூக்க அது. நல்லதுதான், யாரு வேணாங்கிறா? ஆனா வேலையைச் செஞ்சிட்டு, அதை நாலு பேரு பாத்தாங்களான்னு சுத்திமுத்தி ஒரு பார்வை பாக்கும் பாருங்க, அந்தப் பார்வையைத்தான் தாங்க முடியாது.

அந்தக் காட்டுல ஒரு ஆஸ்பத்திரியும் இருந்துச்சு. டாக்டர் ஒரு கொக்கு. பேரு வெள்ளையம்மா. மத்த டாக்டருக்கு ஊசி வேணும், இந்தம்மாவுக்கு மூக்கே ஊசி. நல்லா இருக்கிற மிருகங்ககிட்ட ரத்தம் எடுத்துச் சுரைக்குடுக்கையில பத்திரமா வச்சிருந்து, அடிபட்டு வர்ற மிருகங்களுக்கு ஏத்துவாங்க. கரடி ரத்தம் மானுக்குச் சேருமான்னு கேக்கிற அறிவாளி யாராச்சும் இருந்தா எந்திரிச்சு வெளிய போயி நில்லுங்க. இந்தக் காட்டுல சேரும்.

சடையப்பன் அதுவரைக்கும் ஒன்பது தடவை ரத்தம் குடுத்திருந்துச்சு. பத்து ஆயிருச்சுன்னா ஆஸ்பத்திரி வாசல்ல மேடை போட்டுப் பொன்னாடை போத்துவாங்க. ஆனா ஒன்பதாவது குடுத்து ஒரு மாசம்கூட ஆகல. "மூணு மாசம் கழிச்சு வா, அதுக்கு முன்னால இந்தப் பக்கம் தலையக் காட்டாத"ன்னு சொல்லித்தான் டாக்டரம்மா அனுப்பியிருந்தாங்க.

இங்கதான் சங்கிலின்னு ஒரு குரங்கு வருது. சங்கிலிக்கு ஒரே தொழில்தான். யாரு பெரியாளோ அவங்க பின்னால நின்னு கைதட்டுறது.

"அண்ணே, ஆஸ்பத்திரியில ரத்ததான முகாம் போடுறாங்க, ரெண்டு நாள். ரெண்டாவது நாள் நீங்க பத்தாவது குடுக்கிறீங்க!"

"இன்னும் மூணு மாசம் ஆகலையேடா."

"அடப் போங்கண்ணே. பேனர் வச்சாச்சு."

பேனர் வச்சாச்சு! அதுக்கு மேல என்ன பேச்சு இருக்கு? கரடி ஓடிப்போயிப் பாத்துச்சு. ரெண்டு ஆலமரத்துக்கு நடுவுல தேக்கிலையாத் தைச்சுத் தொங்குது. "பத்தாவது முறையாக உதிரம் வழங்க வருகை தரும் கானகத்துக் கர்ணனே வருக!" நடுவுல கரடி படம், யானை உசரத்துக்கு. ஓரத்துல கும்பிட்டுக்கிட்டே சங்கிலி படம். அடியில கடுகு கடுகா இருபத்தேழு குரங்குத் தலை. சடையப்பனால கண்ணை எடுக்க முடியல. ரெண்டு தடவை முன்னாலயும் ஒரு தடவை பின்னாலயும் போயி நின்னு பாத்துச்சு. பின்னால ஒண்ணும் எழுதல, இருந்தாலும் பாத்துச்சு.

அந்த நேரம் பாத்து ஓடைக்கரை உடைஞ்சு போச்சு. மூணு நாள் எல்லா மிருகமும் கல்லு சுமந்துச்சு. சடையப்பன் மட்டும் வீட்டுக்கே போகல. "சாப்புட வாங்க"ன்னா "நேரமில்ல"ங்கும். "கொஞ்சம் படுங்க"ன்னா "நான் படுத்தா காடே படுத்துரும்"ங்கும். கரையை அடைச்ச கையோட முகாமுக்குப் பந்தல் போடவும் அதுவே வந்து நின்னுச்சு.

முகாமோட முதல் நாள். கூடவே கல்லு சுமந்த மொக்கையன் எருமை ரத்தம் குடுக்க வந்துச்சு. மொக்கையன் வாயிலருந்து ஒரு வார்த்தை வாங்குறதுக்குள்ள ஒரு மழைக்காலம் போயிரும்.

டாக்டரம்மா கேட்டாங்க. "மொக்கையா, நேத்து நல்லாத் தூங்குனியா?"

எருமை இல்லைன்னு தலையாட்டுச்சு.

"வயிறார சாப்புட்டியா?"

அதுக்கும் இல்லைன்னு தலையாட்டுச்சு.

"அப்ப இன்னைக்கு வேணாம். போயி நல்லா மேஞ்சிட்டு, குட்டையில கெடந்து தூங்கி எந்திரிச்சு நாளைக்கு வா. ரத்தம் எங்கயும் போயிராது."

எருமை திரும்பி நடந்துச்சு. பந்தல் மேல உக்காந்திருந்த சடையப்பனுக்கு வாய் சும்மா இருக்குமா? எருமைக் குரல்ல இழுத்துச்சு.

"அம்மா... பசிக்குதும்மா... கண்ணு சொக்குதும்மா... ஏலே சங்கிலி, இவ்வளவு பெரிய உடம்புக்குள்ள என்ன வச்சிருக்கான்? தவிடா?"

சங்கிலி உருண்டு உருண்டு சிரிச்சுச்சு. மொக்கையன் திரும்பிக்கூடப் பாக்கல. எருமை மேல மழை பெஞ்ச மாதிரி அது பாட்டுக்குப் போயிருச்சு.

ரெண்டாவது நாள் காலையில ஒரு புள்ளிமானைத் தூக்கிட்டு வந்தாங்க. வேலியைத் தாண்டுறப்ப காஞ்ச கருவேலங்கொம்பு தொடையில ஏறி, சதை கிழிஞ்சு தொங்குது. ரத்தம் நிக்கல.

"பயப்படாதத்தா. நேத்து காட்டுப்பன்னி குடுத்த குடுக்கை ஒண்ணு இருக்கு. இப்ப இறுக்கி ஒரு கட்டுப் போடுறேன், வெளிச்சம் நல்லா விழுற உச்சிவேளைக்கு அதை ஏத்திக்கிட்டே தையல் போட்டுருவேன்"ன்னாங்க டாக்டரம்மா. இருந்தது அந்த ஒண்ணுதான். யானைக் கூட்டம் மலைக்கு அந்தாண்ட போயிருந்துச்சு. அணிலும் முயலும் ரத்தம் குடுத்தா அது விளையாட்டுச் சொப்புக்குக்கூடக் காணாது.

அப்பப் பாத்து வெளிய ஒரே மேளச் சத்தம். டண்டணக்கா டண்டணக்கா! சடையப்பன் வர்றாரு. நெத்தியில சந்தனம், கழுத்துல காட்டுமல்லி மாலை. காலு மட்டும் முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணா எங்கயோ போகுது. வயித்துக்குள்ள குடலு ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்கிட்டிருக்கு. கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குது. "இது பூச்சி இல்ல, கூட்டம் பூ தூவுது"ன்னு கரடி தனக்குத்தானே சொல்லிக்கிச்சு.

ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னால சோதிச்சுப் பாக்கிற வேலை கொசுவுக்கு. ரத்தத்தைப் பத்தி அதை விட யாருக்குத் தெரியும்? கொசு கரடி விரல்ல உக்காந்து ஒரு சொட்டு உறிஞ்சுச்சு. மூஞ்சியைச் சுளிச்சுச்சு.

"அண்ணே, இது தண்ணியா இருக்குண்ணே. ரசத்துல மேலாப்புல நிக்கும் பாருங்க தெளிவு, அது மாதிரி இருக்கு. இன்னைக்கு வேணாம்ணே."

கரடி ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சு, கொசுவுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணா வச்சுச்சு.

"என்ன மாதிரி இருக்குன்ன?"

கொசு இந்தக் கையைப் பாத்துச்சு, அந்தக் கையைப் பாத்துச்சு.

"பாயசம்ணே. நல்லாக் கெட்டியா, முந்திரி போட்ட பாயசம்."

உள்ளருந்து டாக்டரம்மா வந்தாங்க. கரடியை ஏற இறங்கப் பாத்தாங்க.

"சடையப்பா, தூங்குனியா?"

"கும்பகர்ணன் தோத்தாம்மா."

"சாப்புட்டியா?"

"ஏவ்வ்வ்!" பொய் ஏப்பம். காத்து மட்டும்தான் வந்துச்சு.

"கண்ணு ஏன் கோவைப்பழமாச் செவந்திருக்கு?"

"ஆனந்தக் கண்ணீர் டாக்டர்!" இது சங்கிலி.

"கடைசியா எப்பக் குடுத்த? இப்பத்தான் உன்னைப் பாத்த மாதிரி இருக்கு."

"ஆச்சும்மா நாலு மாசம். என் மூஞ்சி அப்பிடி, ஒரு தடவை பாத்தா மனசுலயே நிக்கும்."

டாக்டரம்மாவுக்கு மனசு ஒப்பல. ஆனா கொசு "பாயசம்"னு சொல்லியாச்சு, உள்ள மான் முனகுது, வெளிய மேளம் அடிக்குது. மூக்கை இறக்கிட்டாங்க. ஒரு குடுக்கை நெறைஞ்சுச்சு.

"எந்திரிக்காத. கால் மணி நேரம் படுத்திரு. இந்தா, இளநியைக் குடி."

"இளநியா? அங்க மேடையில கூட்டம் காத்துக்கிட்டிருக்கும்மா!"

எந்திரிச்சு ஓடிருச்சு. மேடையில ஏறுச்சு. பொன்னாடை தோள்ல விழுந்துச்சு. கரடி தொண்டையைச் செருமுச்சு.

"அன்பார்ந்த கானகத்துப் பெருமக்களே! இந்த உடம்பு என்னுடையதா? இல்லை! உங்களுடையது!"

கைதட்டல். சடையப்பனுக்குக் கூட்டம் ரெண்டாத் தெரிஞ்சுச்சு. இன்னும் நல்லதுதானேன்னு நெனைச்சுக்கிச்சு. சங்கிலி மூணாத் தெரிஞ்சுச்சு. பேனர்ல இருந்த கரடி மெதுவாச் சாயுற மாதிரி இருந்துச்சு.

"கடைசிச் சொட்டு இருக்கும் வரை... கடைசிச் சொ... கடை..."

தடால்!

சாஞ்சது பேனர்ல இருந்த கரடி இல்ல, மேடையில இருந்த கரடி. படிக்கட்டுக் கல்லுல மண்டை மோதி, தேங்கா ஒடைஞ்ச மாதிரி ரத்தம் பீறிட்டு ஓடுது. விழுற வேகத்துல பேனர் கயித்தையும் பிடிச்சு இழுத்து, கானகத்துக் கர்ணனைக் கானகத்துக் கர்ணனே போத்திக்கிட்டாரு.

தூக்கிட்டு ஓடுனாங்க. டாக்டரம்மா கரடிகிட்ட எடுத்த குடுக்கையைக் கரடிக்கே திருப்பி ஏத்துனாங்க. பத்தல. ரசத்தெளிவு எப்பிடிப் பத்தும்? காட்டுப்பன்னி குடுத்த குடுக்கையையும் எடுத்தாங்க.

பாயில கெடந்த மான் தலையைத் தூக்குச்சு. "அது எனக்குன்னு சொன்னீங்களேம்மா?"

"ஆமாத்தா." டாக்டரம்மா மான் முகத்தைப் பாக்கல. "மண்டை பொளந்து கெடக்குது. இதை விட்டா அஞ்சு நிமிசத்துல போயிரும். நீ கொஞ்சம் தாங்குவ."

"எவ்வளவு நேரம்மா தாங்குவேன்?"

டாக்டரம்மா குடுக்கையைக் கரடிக்கு மாட்டிட்டுத் திரும்புனாங்க. வெளிய ஓடி வந்து கத்துனாங்க. "மானுக்கு ரத்தம் வேணும்! யாராச்சும் வாங்க!"

இவ்வளவு நேரம் கைதட்டுன கூட்டம் அப்பிடியே கலைஞ்சுச்சு. ஒண்ணுக்கு அடுப்புல பால் இருக்கு. இன்னொண்ணுக்கு மச்சான் ஊர்லருந்து வர்றாரு. "எனக்கு ஊசின்னாலே அலர்ஜி டாக்டர்"னு சொல்லி சங்கிலி மரத்துல ஏறிருச்சு. மேளக்காரன்கூட மேளத்தை விட்டுட்டு ஓடிட்டான். மான் கட்டுலருந்து சொட்டுச் சொட்டா பாய் நனையுது.

கூட்டம் போன பாதைக்கு எதிர்ல ஒரு உருவம் ஆடி அசைஞ்சு வந்துச்சு. முதுகெல்லாம் ஈரச் சேறு, வாய் ஓரத்துல ஒரு புல்லு. மொக்கையன்.

"தூங்குனியா?"

தலை மேலயும் கீழயும் ஆடுச்சு.

"சாப்புட்டியா?"

திரும்பவும் ஆடுச்சு. கொசு ஒரு சொட்டு உறிஞ்சுட்டு, "அம்மா, இதுதாம்மா ரத்தம்"னு சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிச்சு. குடுக்கை நெறைஞ்சுச்சு. மானுக்கு ஏத்தி, டாக்டரம்மா தையலைப் போட்டு முடிச்சாங்க. சாயங்காலத்துக்குள்ள மான் கண்ணு முழிச்சு "தண்ணி"ன்னு கேட்டுச்சு. அப்பத்தான் டாக்டரம்மா இறக்கையை மடக்கி உக்காந்தாங்க.

கொஞ்ச நேரத்துல சடையப்பனும் முழிச்சுச்சு. தலையில முட்டைக்கோசு மாதிரி ஒரு கட்டு. முழிச்சதும் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"மானுக்கு ஏறுனது என் ரத்தம்தான?"

"உன் ரத்தம் உனக்கே ஏறுச்சு. பத்தாததுக்கு மானுக்கு வச்சிருந்ததும் உனக்குத்தான் ஏறுச்சு. மானைக் காப்பாத்துனது மொக்கையன்"னாங்க டாக்டரம்மா.

கரடி கொஞ்ச நேரம் கூரையைப் பாத்துச்சு. வெக்கமா இருக்கும்னு நெனைக்கிறீங்களா? அதுதான் இல்ல.

"அப்ப... இது பத்துல சேருமாம்மா?"

"ஒன்பதுலயே ஒண்ணு கொறைக்கலாமான்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

கரடிக்கு ரோசம் வந்துருச்சு. பாதி எந்திரிச்சு, கட்டு அவுந்து ஒரு கண்ணை மறைக்க, நெஞ்சுல படார்னு அடிச்சுச்சு.

"என்னம்மா பேசுறீங்க! எண்ணிக்கையா பெருசு? இந்தக் காட்டுக்காக நான் உசுரையே குடுப்பேம்மா, உசுரையே!"

மூலையில, சொன்ன பேச்சைக் கேட்டு ஆடாம அசையாமப் படுத்து, அப்பருந்து ஒரே இளநியை நிதானமாக் குடிச்சுக்கிட்டிருந்த மொக்கையன், குடிச்சு முடிச்சு, இளநியைக் கீழ வச்சுட்டு, வாயைத் தொறந்துச்சு.

"உசுரை யாருப்பா கேட்டா? ஒரு குடுக்கை நல்ல ரத்தம்தான கேட்டாங்க. அதையே உன்னால குடுக்க முடியல."

நீதி: தன் உடம்பைப் பேணாமல் தானம் கொடுக்கப் போகிறவன், தானம் வாங்கிக்கொண்டுதான் திரும்புவான்.