அட்டையில் அடித்த கடிதம்

நூற்பாலை அலுவலகத்துக்கு ஊழியர்கள் பழகுவதற்கென்று மூன்று கம்ப்யூட்டர்கள் வந்தன. மேலாளர் தணிகாசலம் மூன்றையும் தன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கீபோர்டு படம் போட்ட அட்டையை ஆளுக்கொன்று கொடுத்தார். பயிற்சி நடந்த பத்து நாளும் எல்லோரும் அட்டையைத்தான் தட்டினார்கள். தேறாதவருக்கு வேலை இல்லை என்றும் மிரட்டி வைத்தார்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு ஒரு அம்மா வந்தார். "எல்லாம் சொல்லிக் கொடுத்தேன் மேடம், இதுகளுக்குத்தான் மண்டையில் ஏறவில்லை" என்றார் தணிகாசலம்.

அந்த அம்மா முன்வரிசையில் இருந்த எழுத்தர் மங்கையர்க்கரசியைப் பார்த்து, "ஒரு கடிதம் அடித்துக் காட்டுங்கள்" என்றார்.

மங்கையர்க்கரசி அட்டையை எடுத்து வைத்து, பத்து விரலாலும் நிதானமாகத் தட்டினாள். பிறகு அதை மேலாளரிடம் நீட்டினாள்.

"நீங்கள் கற்றுக் கொடுத்தபடியே அடித்திருக்கிறேன் சார். மேடத்துக்குப் படித்துக் காட்டுங்கள்."

தணிகாசலம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம்ப்யூட்டர்கள் எங்கே?" என்று கேட்டார் அந்த அம்மா.

மறுநாளே மூன்றும் திரும்பி வந்தன. 'குறை சரிசெய்யப்பட்டது' என்று அறிக்கை போனது. மேலாளர் மேலாளராகவே இருந்தார். ஒரு மாதத்தில் எல்லோரும் பழகிக்கொண்டார்கள். மங்கையர்க்கரசியைப் பஞ்சுக் கிடங்குக்கு மாற்றும் உத்தரவைப் பக்கத்து மேசை சகாயமேரிதான் அடித்தாள். தலை நிமிராமல் அதை நீட்டினாள்.

வாங்கிப் படித்த மங்கையர்க்கரசி, "நன்றாகக் கற்றுக்கொண்டாய்" என்றாள்.