மெஹ்ருன் வெட்டிய சுருள்

லாகூரில் ஒரு உருதுப் படம். பெருநாளுக்கு வந்தாக வேண்டும். இன்னும் எட்டே நாள். படத்தை வெட்டி ஒட்டுகிறவர் உஸ்தாத் சிப்தைன். அவரிடம் தொழில் பழகுகிறவள் மெஹ்ருன். ரெண்டு பிள்ளை பெற்றவள், வேலையில் கை சுத்தம்.

அந்தக் கைதான் அன்றைக்குச் சறுக்கிவிட்டது. நெகட்டிவ் ஓரத்தில் அச்சாகியிருக்கும் நம்பரைத் தப்பாகப் படித்து, நாயகன் விடைபெறும் பேச்சுக்கு நடுவிலேயே கத்திரியைப் போட்டுவிட்டாள். நெகட்டிவ் என்பது மூலச் சுருள். அறுந்தால் அறுந்ததுதான், ஒட்டினால் திரையில் முகம் துள்ளும்.

உஸ்தாத் முன்னால் போய் நின்றாள். பாதி அழுகை, பாதி பேச்சு.

"மறுபடி எடுக்கச் சொல்லலாமா உஸ்தாத்?"

"எப்படி எடுப்பாங்க? அடுத்த படத்துக்குன்னு நாயகன் நேத்தே மீசையை வழிச்சிட்டானே, மகராசன்."

"டைரக்டர் என்னைத் தொலைச்சுக் கட்டிடுவார். இந்த வேலையும் போச்சு."

"போறப்ப பார்த்துக்கலாம். அவன் பேசின சத்தம் எங்கே?"

"அது தனிச் சுருள். ஒரு குறையுமில்லை."

"பேசுறப்ப எதிரே யாரு?"

"நாயகிதான். வாயே திறக்கலை. சும்மா கேட்டுக்கிட்டு நிக்கிறா."

"அந்தச் சுருளை எடு."

நாயகி முகத்தின்மேல் நாயகன் குரலைப் பொருத்தினார்கள்.

ரெண்டு நாள் கழித்து டைரக்டர் ஃபக்ரி சாஹிப் வந்து உட்கார்ந்தார். திரையில் நாயகி மட்டும். "நான் வராட்டி விளக்கை அணைச்சிட்டுத் தூங்கு" என்றது அவன் குரல். அவள் மெல்லத் தலையாட்டினாள். கண் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஃபக்ரி சாஹிப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் சொன்னது இது இல்லையே. யார் யோசனை?"

உஸ்தாத் வாய் திறப்பதற்குள் மெஹ்ருன் எழுந்துவிட்டாள்.

"யோசனை இல்லை சாஹிப், தப்பு. நம்பரைத் தப்பாப் படிச்சு நெகட்டிவை வெட்டிட்டேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இப்படியே இருக்கட்டும். ஆனா மீசை போனவன்கிட்ட நீயே போய்ச் சொல்லு. எனக்குத் தைரியமில்லை."

அவர் போன பிறகுதான் மெஹ்ருனுக்கு மூச்சு வந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான் சரியா வெட்டியிருந்தா, உஸ்தாத்?"

"அவன் மூஞ்சியே இருந்திருக்கும், மகளே. முப்பது வருஷமா பேசுறவன் மூஞ்சியைத்தானே நான் ஒட்டிக்கிட்டிருக்கேன்."