நரி கிண்டிய ஃபட்ஜ்

கொக்கோ மரங்கள் செழித்து வளர்ந்த ஒரு காட்டில், ஒரே ஒரு குளம் இருந்தது. கோடையில் ஓடைகள் எல்லாம் வற்றிப்போனாலும் அது மட்டும் வற்றாது. அதன் கரையில் குடியிருக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

குளத்துக்குத் தலைமை ஒரு பெண் யானை. அது யாரையும் விரட்டியதில்லை. முதல் மழை பெய்த மறுநாள் மாலை கரையில் ஒரு விருந்து நடக்கும். அதற்குக் கரையில் வசிக்கும் ஒவ்வொருவரும் தம் கையால் ஏதாவது செய்து கொண்டுவர வேண்டும் என்பது மட்டும்தான் அது போட்ட சட்டம்.

அந்தக் கரையில் ஒரு நரியும் இருந்தது. விருந்துக்குத் தவறாமல் வரும். வயிறு முட்டச் சாப்பிடும். கை மட்டும் காலியாக இருக்கும். ஒரு வருடம் பல்வலி என்றது. அடுத்த வருடம் மாமியார் வீட்டில் விசேஷம் என்றது. இத்தனைக்கும் அதற்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை!

இந்த வருடம் யானை அதைக் கூப்பிட்டு, “இந்தத் தடவையும் வெறுங்கையை வீசிக்கிட்டு வந்தா, மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிடு” என்று சொல்லிவிட்டது.

மழையும் பெய்துவிட்டது. விடிந்ததும் நரி தலைதெறிக்கக் கரடியின் குகைக்கு ஓடியது. கரடி வீட்டுச் சாக்லேட் ஃபட்ஜுக்கு அந்தக் காடே அடிமை. ஃபட்ஜ் என்றால் மைசூர்பாகு மாதிரி மொறுமொறுப்பும் இல்லை, அல்வா மாதிரி வழவழப்பும் இல்லை. கடித்தால் துண்டாக வரும்; நாக்கில் வைத்தால் கரைந்து ஓடிவிடும்.

“கரடியக்கா, அதை எப்படிச் செய்யறீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்” என்று நரி குழைந்தது. எப்படியும் மறைக்கத்தான் பார்க்கும், நைசாகப் பேசிக் கறந்துவிட வேண்டும் என்று அது தயாராக வந்திருந்தது.

கரடியோ எதையும் மறைக்கவில்லை.

“பாலும் சர்க்கரையும் கொக்கோப் பொடியும் சேர்த்து அடுப்புல ஏத்து. தண்ணியில ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பாரு. மெத்துன்னு உருண்டு வந்தா சட்டியை இறக்கிடு. மேல வெண்ணெயைப் போட்டுட்டு, பால் குடுத்தவங்க, சர்க்கரை குடுத்தவங்க, கொக்கோ குடுத்தவங்க எல்லார்கிட்டயும் போய் நன்றி சொல்லிட்டு வா. அப்புறம் மினுமினுப்பு அடங்குற வரைக்கும் நல்லாக் கிண்டித் தட்டுல கொட்டு. அவ்வளவுதான்.”

“நன்றியை விருந்துல சொல்லிக்கக் கூடாதா?”

“எங்க அம்மா அப்படித்தான் செய்வாங்க. அவங்க அம்மாவும் அப்படித்தானாம். ஏன்னு நான் கேட்டதில்லை” என்றது கரடி.

நரி வாய்க்குள் சிரித்துக்கொண்டே கிளம்பியது.

அதன் கையில் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ‘எனக்குக் கொடுங்கள்’ என்று கேட்டால் யார் கொடுப்பார்கள்? யாருக்கும் எதுவும் கொடுத்துப் பழக்கமில்லாதவருக்கு அந்தச் சந்தேகம் வருவது இயல்புதான். எனவே நரி ஒரு தந்திரம் செய்தது. சேற்று மடுவில் படுத்திருந்த எருமையிடம் போய், “கரடியக்கா பாலும் வெண்ணெயும் வாங்கிட்டு வரச் சொன்னாங்க” என்றது. பாறைக்குப் பின்னால் கரும்புச் சாறு காய்ச்சும் பன்றியிடம், “கரடியக்காவுக்குச் சர்க்கரை வேணுமாம்” என்றது. மரத்தின் உச்சியில் கொக்கோ விதைகளைக் காயவைத்துப் பொடிக்கும் அணிலிடமும் அதே பொய்தான். மூவரும் மறுபேச்சில்லாமல் கேட்டதற்கு மேலேயே கொடுத்தார்கள்.

நரி அடுப்பை மூட்டியது. சட்டியில் எல்லாம் கலந்து கொதித்தது. வாசனை மூக்கைத் துளைத்தது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தது; மெத்தென்று உருண்டு வந்தது. சட்டியை இறக்கி வெண்ணெயைப் போட்டது.

“இப்ப நன்றி சொல்லப் போகணுமாம்! போனா என் குட்டு வெளிப்பட்டுடாதா? அதுவும் இல்லாம, சூடா இருக்கும்போது கிண்டாம ஆறின பிறகா கிண்டுவாங்க? கரடிக்கு உடம்பு பெருத்த அளவுக்குப் புத்தி பெருக்கலை” என்று சொல்லி, கொதிக்கக் கொதிக்கக் கரண்டியை விட்டுச் சுழற்றியது.

சிறிது நேரத்தில் கரண்டி நறநறத்தது. மினுமினுப்பாக இருந்தது எல்லாம் பொரபொரவென்று பூத்துப்போயிற்று. நரி ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டது. ஆற்று மணலைத் தின்றதுபோல் இருந்தது!

நரிக்கு உயிரே போய்விட்டது. மாலைக்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் குளக்கரை இல்லை, குளிர்ந்த தண்ணீர் இல்லை, வீடும் இல்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு கரடியிடம் ஓடி, “என்னை ஏமாத்திட்டீங்களே!” என்று கத்தியது.

கரடி ஒரு துளி எடுத்துச் சுவைத்தது. “எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லிட்டு வந்தியா?”

நரி தலையைக் குனிந்தது.

“நான் சொன்னதுல அதை மட்டும் ஏன் விட்டே?”

“உங்க பேரைச் சொல்லித்தான் வாங்கினேன், அக்கா. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போவேன்?”

கரடிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் நரி உண்மையை மறைக்காமல் சொன்னதை நினைத்ததும் அது அடங்கிவிட்டது. “இன்னும் கொஞ்சம் பால் ஊத்திக் கரைச்சு, மறுபடியும் அதே பதத்துக்குக் காய்ச்சலாம். நேரம் இருக்கு. ஆனா பாலை நீதான் வாங்கிட்டு வரணும். உன் பேரைச் சொல்லி” என்றது.

நரி மடுவுக்குப் போனது. எருமை அசைபோட்டபடியே நிமிர்ந்து பார்த்தது.

“பெரியம்மா, காலையில வாங்கின பால் கரடியக்காவுக்கு இல்லை. எனக்குத்தான். பொய் சொல்லிட்டேன். எல்லாத்தையும் பாழாக்கியும் வச்சுட்டேன். இன்னும் கொஞ்சம் பால் வேணும்.”

எருமை அசைபோடுவதை நிறுத்தியது. பிறகு, “கரடி எப்பவும் சட்டியை இறக்கினதும் வந்துடும். இன்னிக்கு வரலையே, உடம்புக்கு முடியலையோன்னு கவலைப்பட்டுக்கிட்டு இருந்தேன்” என்றது. பாலைக் கொடுத்துவிட்டு, “உனக்குன்னு கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேனே, அசடு!” என்றது.

 இதுவரை யாரிடமும் சொல்லாத ‘நன்றி’ என்ற சொல் நரியின் வாயில் வரவே மறுத்தது. பாலோடு ஓடிவந்துவிட்டது.

ஃபட்ஜ் மீண்டும் அடுப்பில் ஏறியது. மணல் எல்லாம் கரைந்து, பதம் திரும்பி வந்தது. நரி சட்டியை இறக்கி, பழக்கதோஷத்தில் கரண்டியைத் தேடியது. கரடி அதைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “போயிட்டு வா” என்றது.

நரி போனது. மடுவில் இறங்கி, “நன்றி, பெரியம்மா” என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டது. பன்றியிடம் உண்மையைச் சொல்லி, நாலு திட்டு வாங்கிக்கொண்டு, அங்கேயும் நன்றி சொன்னது. அணிலுக்கு மரத்தடியில் நின்று இரண்டையும் உரக்கச் சொன்னது. அணில் இறங்கிவந்து, “எனக்கு நீ உண்மையைச் சொன்னதே பெரிசு” என்று சிரித்தது. திரும்பி வரும் வழியில் நரிக்கு நெஞ்சு லேசாக இருந்தது.

இப்போது சட்டி கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியிருந்தது. நரி கிண்டக் கிண்ட மினுமினுப்பு அடங்கி, வெண்ணெய்போல் இறுகியது. தட்டில் கொட்டித் துண்டு போட்டார்கள். ஒரு பொடி மணல்கூட இல்லை!

நரி சட்டியைத் தொட்டுப் பார்த்தது. அதன் கண்கள் பளிச்சிட்டன. “அக்கா, கண்டுபிடிச்சுட்டேன்! ஆறணும், அவ்வளவுதான் விஷயம். அப்ப அடுத்த தடவை அந்த நேரத்துல ஒரு குட்டித் தூக்கம் போட்டாலும் ஃபட்ஜ் வந்துடும்ல?”

“வந்துடும்” என்றது கரடி. “அதுக்கு அடுத்த தடவை பால் யார் குடுப்பாங்க?”

நரி துண்டுகளைத் தட்டில் அடுக்கத் தொடங்கியது.

மாலையில் விருந்து நடந்தது. யானை ஒரு துண்டை எடுத்துத் தும்பிக்கையால் வாயில் போட்டது. கண்ணை மூடியது. இன்னொன்று எடுத்தது. “யார் செஞ்சது இது?”

‘நான்’ என்று சொல்லத்தான் நரி வாயைத் திறந்தது. எதிரே எருமை, பன்றி, அணில், கரடி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“பால் பெரியம்மாவோடது. சர்க்கரை பன்றியண்ணன் காய்ச்சினது. கொக்கோ அணில் பொடிச்சது. செய்முறை கரடியக்கா வீட்டுது. நான் கிண்டினேன். ஒருதடவை கிண்டிக் கெடுத்தும் வச்சேன்.”

யானை சிரித்துவிட்டது. “மூட்டையை அவிழ்த்து வை. நீ எங்கேயும் போக வேண்டாம்” என்றது.

அடுத்த வருடமும் முதல் மழை பெய்தது. நரி யாரும் சொல்லாமலே சட்டியை அடுப்பில் ஏற்றியது. பதம் வந்ததும் இறக்கி வைத்தது. பக்கத்தில் நல்ல நிழல் இருந்தது, படுக்க மெத்தென்று புல்லும் இருந்தது. நரி அதைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டது. பிறகு எருமையின் மடுவை நோக்கி நடந்தது.

நீதி: நன்றி சொல்லச் செலவழித்த நேரம் வீணாவதில்லை.