மூக்காயி இல்லாத வாசல்

குளத்தங்கரைக் காட்டில் ஒரு வேங்கை மரம். அதன் வேரடியில் கட்டெறும்புகளின் புற்று. புற்றுக்கு ஒரே வாசல். அந்த வாசலை மூக்காயி தன் பெரிய தலையால் அடைத்துக்கொண்டு நிற்பாள்.

யார் வந்தாலும் மீசையால் தடவி மோந்து பார்ப்பாள். பிறகு கேட்பாள்: "யாரு? என்ன கொண்டாந்திருக்கே? உள்ள யாரு உன்னை வரச் சொன்னது?"

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் வந்தவழியே திரும்ப வேண்டியதுதான். கூடப்பிறந்தவளே ஆனாலும் இதே சோதனைதான். ஏனென்றால் உள்ளே நடு அறையில் முன்னூறு முட்டைகள் இருந்தன. அத்தனையும் பிறக்கப்போகும் தங்கைகள்.

மழைக்காலம் நெருங்கியது. தினை சுமந்து வந்தவர்கள் வாசலில் வரிசையாகத் தேங்கினார்கள். களஞ்சியத்தைக் கவனிக்கும் தங்கபுஷ்பத்துக்குப் பொறுக்கவில்லை.

"உன்னால வேலையே ஓடல மூக்காயி. இத்தனை நாள்ல எவன் வந்து எதைத் தூக்கிட்டுப் போனான்?"

"நான் நின்னதாலதான்க்கா யாரும் வரல."

"மழை வர்றவரைக்கும் வாசல் திறந்தே கிடக்கட்டும். நீ போய் தினை தூக்கு."

மூக்காயிக்குக் கோபம் வந்தது. கெட்டது நடக்கவில்லை என்பதையே தன்மேல் குற்றமாகச் சொல்கிறாளே! ராணியும் சரியென்று தலையாட்டிவிட்டாள். மூக்காயி பல்லைக் கடித்துக்கொண்டு தூரத்துக் கொல்லைக்குத் தினை சுமக்கப் போனாள்.

மூன்றாம் நாள் வாசலுக்கு ஒரு பச்சைப் புழு வந்தது. அதன் முதுகில் தேன்போல ஒரு சொட்டு கசிந்தது.

"சும்மாதான் தர்றேன், சாப்பிட்டுப் பாருங்க" என்றது.

தங்கபுஷ்பம் நக்கிப் பார்த்தாள். சொக்கிப்போனாள்.

"கதகதப்பான இடமா இருந்தா இன்னும் நிறையச் சுரக்கும்" என்றது புழு.

கதகதப்பான இடம் நடு அறைதான். நான்கு பேரை விட்டுப் புழுவை அங்கே தூக்கிப்போகச் சொன்னாள் தங்கபுஷ்பம். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஐந்து நாள் கழித்துச் சுமையோடு திரும்பினாள் மூக்காயி. வாசலிலேயே அவள் மீசை துடித்தது. புற்றின் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை. தினையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். நடு அறையில் புழு கொழுத்துக் கிடந்தது. முட்டைகளில் மிச்சம் நாற்பத்தொன்று.

"திருட்டு நாயே!"

"யாரு திருடினது? உங்க ஆளுங்கதான் என்னைத் தூக்கிட்டு வந்தாங்க" என்றது புழு, வாயைத் துடைத்துக்கொண்டே.

மூக்காயி அதன் கழுத்தைக் கவ்வினாள். மற்றவர்களும் சேர்ந்து கடித்துக் குதறி வெளியே இழுத்துப் போட்டார்கள். போன முட்டைகள் திரும்பவில்லை.

"அவ்வளவு இனிப்பா இருந்துச்சே, எனக்கு எப்படித் தெரியும்?" என்று அழுதாள் தங்கபுஷ்பம்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிட்டு, இப்ப குத்துது குடையுதுன்னு அழுவுறியா? உன் அவசரத்துக்கு என் தங்கச்சிங்களைத் தின்னக் குடுத்திட்டியேக்கா."

மறுநாள் மூக்காயி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அவளை நிற்கும்படி யாரும் சொல்லவில்லை, அவளும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வரிசையின் கடைசியில் தினையோடு தங்கபுஷ்பம் நின்றாள். அவள் முறை வந்தது.

"உன்னை யாரு வரச் சொன்னது?" மூக்காயியின் குரலில் கோபம் இன்னும் ஆறவில்லை.

தங்கபுஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள். "மிச்சமிருக்கற நாப்பத்தொரு பேரு."

மூக்காயி வழிவிட்டாள்.

வேலை மெதுவாகிறது என்று வீட்டுக் கணினிக்குக் காவல் நிற்கும் ஃபயர்வாலை அணைத்துவிட்டு, இலவசமாக வருவதையெல்லாம் உள்ளே இறக்கிக்கொள்கிறவர், புழுவைத் தானே தூக்கிப்போய் முட்டைகளின் நடுவில் வைக்கிறார்.