செல்லாத ரகசிய வார்த்தை

"உங்க பையன அப்பவே கூட்டிட்டுப் போயிட்டாங்களே!"

ஸ்கூல் வாட்ச்மேன் செலின்கிட்ட இப்படித்தான் சொன்னாரு. மணி அஞ்சே கால். தூத்துக்குடில அன்னைக்குன்னு பாத்து மழை, இறால் கம்பெனி வேலை முடிஞ்சு அவ ஏறின பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்துச்சு. ஸ்கூல் வாசல்ல ஒரு பிள்ளைகூட இல்ல.

"யாருண்ணே கூட்டிட்டுப் போனது?"

"ஒரு ஆட்டோக்காரரு. பையன் முதல்ல வரமாட்டேன்னுதாம்மா நின்னான். அவரு குனிஞ்சு, 'நண்டு மூக்குக்கண்ணாடி போட்டுச்சா?'ன்னு கேட்டாரு. அவ்ளோதான்! மூஞ்சியே மாறிப்போச்சு, ஓடிப்போய் ஏறிட்டான். நான் சொந்தக்காரங்கன்னுல்ல நெனச்சேன்!"

மழைல நனைஞ்சிருந்த செலினுக்கு அப்பதான் குளிர ஆரம்பிச்சுது. ஏன்னா, இந்தக் கேள்வி உலகத்துலயே நாலு பேருக்குத்தான் தெரியும். அதுல ஒருத்தர் செத்து எட்டு மாசம் ஆச்சு.

அவ புருஷன் ராய்ஸ்டன் வச்ச வீட்டு ரகசியம் அது. "மாமான்னு சொல்லட்டும், சித்தப்பான்னு சொல்லட்டும், இதச் சொன்னாத்தான் கூடப் போவணும். நம்ம நாலு பேரத் தவிர அஞ்சாவது ஆளுக்குத் தெரியக்கூடாது"ன்னு பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் சொல்லி வச்சிருந்தான். மூத்தவ ஜெனோவாவுக்குப் பதினஞ்சு வயசு. சின்னவன் அன்றோவுக்கு ஏழு. அவன் சரியான கெட்டி! பெத்த அப்பாவே சைக்கிள்ல வந்து நின்னாலும் நண்டுக் கேள்வி கேட்டாத்தான் ஏறுவான்.

அப்புறம் ராய்ஸ்டனுக்குக் கிட்னி போச்சு. ஆளும் போயிட்டான். முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச மறுநாளே செலின் அவன் போட்டோவ எடுத்து உள்ள வச்சுட்டா. வீட்டுல அப்பா பேச்சே கிடையாது. பிள்ளைங்க அழுதுருவாங்கன்னு பயம்னு சொல்லிக்கிட்டா. நெசத்துல, தான் அழுதா நிப்பாட்ட முடியாதுன்னுதான் பயம். அந்த வார்த்தையக் கேட்டாலே தாங்கல. அதையும் மாத்திட்டா.

"இனிமே 'பச்சைக் குடை'. பழசு செல்லாது. பழச சொல்லிட்டு யாரு வந்தாலும் போவப்பிடாது, கேட்டியால?"

அன்றோ தலையாட்டினான்.

இப்ப அந்தச் செல்லாத வார்த்தைதான் வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருக்கு! செலின் டியூஷன்ல இருந்த ஜெனோவாவுக்கு போன் போட்டா.

"ஏட்டி, அப்பா வச்ச வார்த்தைய யார்ட்டயாவது சொன்னியா?"

"இல்லம்மா. ஏன்?"

"யாரோ அதச் சொல்லி அன்றோவக் கூட்டிட்டுப் போயிட்டான்!"

ஜெனோவா போன எடுத்துக்கிட்டு டியூஷன் வாசலுக்கு வந்தா.

"எம்மா... உங்கிட்ட சொல்லமாட்டேன்னு அப்பாக்கு சத்தியம் பண்ணிருக்கேன்."

"பிள்ளையக் காணும்ட்டி! சத்தியமாம் சத்தியம்!"

ஜெனோவா ஓன்னு அழுதுட்டா. அழுதுக்கிட்டே சொன்னா. "மைதீன் மாமாவா இருக்கும்மா. டயாலிசிஸுக்கு அப்பாவ ஆட்டோல கூட்டிட்டுப் போவாவல்லா, அவிய. 'என் பிள்ளை என்னைக்காவது ஒத்தையில நின்னா நீ போய் நில்லு'ன்னு அப்பா அவியட்ட சொல்லிட்டாவ. 'இது தெரிஞ்சா, நான் பிழைக்கமாட்டேன்னு அம்மாக்குப் புரிஞ்சிரும், சொல்லாத'ன்னாவ."

மைதீன்ங்கிற பேர செலின் கேட்டிருக்கா, மூஞ்சியப் பாத்ததே இல்ல. அவ ஷிப்டுல இருப்பா, அப்பா கூடப் போறது எப்பவும் ஜெனோவாதான்.

ஜெனோவா உடனே மைதீனுக்கு போன் போட்டா. அவரு எங்க இருக்காருங்கிறீங்க? இறால் கம்பெனி வாசல்ல! ஸ்கூல் வழியா சவாரி போனவரு, மழைல ஒத்தையில நின்ன பிள்ளையப் பாத்திருக்காரு. உள்ள வேலை பாக்குறவங்க கையில போன் இருக்காதுன்னு தெரியும், நேரா அம்மாகிட்டயே விட்டுரலாம்னு வந்துட்டாரு. பஸ்ஸும் ஆட்டோவும் ஒண்ணையொண்ணு தாண்டிப் போயிருக்கு.

செலின் போய்ச் சேர்றப்ப அன்றோ பின் சீட்டுல கால ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். அம்மாவப் பாத்ததும் ஓடி வரல. அவ தோளுக்குப் பின்னாடி, மழைக்குள்ள எட்டி எட்டிப் பாத்தான்.

"அப்பா வரலையா?"

செலினும் திரும்பிப் பாத்துட்டா! பின்னாடி வெறும் ரோடு.

"பழசு செல்லாதுன்னு சொன்னேன்லால?"

"தெரியும். ஆனா அது அப்பா வார்த்தைல்லா. இந்த மாமாட்ட 'அப்பாவா அனுப்புனாவ'ன்னு கேட்டேன். ஆமான்னாவ."

மைதீன் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. "நான் பொய் சொல்லலம்மா."

கதைய இங்க நிறுத்துறேன், இப்ப நீங்க சொல்லுங்க. அப்பா தான் போட்ட சட்டத்தத் தானே மீறி அஞ்சாவது ஆளுகிட்ட சொன்னான். தம்பி, செல்லாதுன்னு தெரிஞ்சே அந்த வார்த்தை பின்னாடி போனான். அக்கா எட்டு மாசத்துக்கு மேல காப்பாத்தின சத்தியத்த ஒரு நிமிஷத்துல உடைச்சா. இதுல யார் செஞ்சது சரி?

சத்தியத்த உடைச்ச அக்காதான்! ஒரு பிள்ளை எங்க இருக்குன்னு மறைக்கிற எந்தச் சத்தியமும் அந்த நிமிஷமே செத்துப்போச்சு. அஞ்சாவது ஆள ஏற்பாடு பண்ணின வரைக்கும் அப்பா சரி. அத பொண்டாட்டிகிட்ட மறைச்சு, பதினஞ்சு வயசுப் பிள்ளை தலையில தூக்கி வச்சது பெரிய தப்பு. தம்பி போனதும் தப்புதான், எல்லா நாளும் மைதீனே வந்து நிக்கமாட்டாரு. ஆனா வீட்டுக்குள்ள அப்பா பேரே காதுல விழாத பிள்ளை, வெளிய யாரு அந்தப் பேரச் சொன்னாலும் பின்னாடி போகத்தான் செய்யும். இது செலினுக்கு அந்த ஆட்டோ பக்கத்துலயே புரிஞ்சுபோச்சு. "அப்பா இனிமே வரமாட்டாவல"ன்னு எட்டு மாசத்துல முதல் தடவையா வாய்விட்டுச் சொன்னா. சொல்லிட்டு, பிள்ளை முன்னாடியே அழுதா.

உங்க வீட்டுலயும் இப்படி ஆயிருக்கா? பிள்ளைங்க தாங்கமாட்டாங்கன்னு நீங்க பேசாம விட்ட ஒருத்தர், வேற யாரோ குரல்ல வந்து உங்க பிள்ளையக் கூப்பிட்டிருக்காங்களா?