மணியக்காரர் தலையில் ஒரு வெள்ளோட்டம்

ரொம்ப ரொம்ப முன்னாலே, குன்றவாணம் என்கிற நாட்டை அச்சுதமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு ஆசை முளைத்தால் சாயங்காலத்துக்குள் அது நடந்தாக வேண்டும்!

அன்றைக்கு முளைத்த ஆசை இது: பொங்கல் ஊர்வலத்தில் ஐந்நூறு காவலர் தலையிலும் வெண்கலத் தொப்பி பளபளக்க வேண்டும். வெண்கலத்துக்கு எங்கே போவது? அரண்மனை மணியக்காரர் தாண்டவராயர் வீடு வீடாகப் புகுந்து, பெயர் வெட்டிய வெண்கலப் பொங்கல் பானைகளையெல்லாம் அள்ளிவந்து முற்றத்தில் குவித்துவிட்டார். கோட்டை வாசலில் பெண்கள் கொதித்துப்போய் நின்றார்கள். பொங்கலுக்குப் பதினைந்தே நாள். பானை போய்விட்டால் எதிலே பொங்குவது?

பானைகளை உருக்கித் தொப்பி வார்க்கிற பொறுப்பு நாச்சியாரம்மைக்கு. கோயில் மணி முதல் கோட்டைக் கதவுக் குமிழ் வரை அவள் வார்த்ததுதான். ராஜா அவளைப் புகழ்ந்தாலே தாண்டவராயருக்கு வயிறு எரியும்.

"மகாராஜா, தேருக்கே வெள்ளோட்டம் விட்டுத்தானே வடம் பிடிக்கிறோம்?" என்றாள் நாச்சியாரம்மை. "முதலில் ஒரே ஒரு தொப்பி வார்த்து, ஒரு தலையில் வைத்துப் பார்ப்போம். சரியாக இருந்தால் மற்றப் பானைகளை உருக்கலாம்."

தாண்டவராயர் துள்ளி எழுந்தார். "இவளுக்கு வேலையில் நம்பிக்கை இல்லை, மகாராஜா! காவலர் தலைகளை நானே கயிறு பிடித்து அளந்து கொடுத்தேன். தொப்பிக்கு இவள் செய்த மெழுகு அச்சு என் அளவைவிட அரைவிரல் பெரிசு! தொப்பி லொடலொடவென்று ஆடி ஊரே சிரிக்கவா?"

"வெண்கலம் ஆறும்போது சுருங்கும் மகாராஜா. அதற்குத்தான் கொஞ்சம் கூட்டிவைத்தேன். எவ்வளவு சுருங்கும் என்று ஒன்றை வார்த்தால்தான் துல்லியமாகத் தெரியும்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "வெண்கலம் சுருங்குமா? முப்பது வருஷமாக என் வெண்கலக் கட்டிலில் படுக்கிறேன். அது சுருங்கியிருந்தால் நான் என்றைக்கோ உருண்டு விழுந்திருப்பேனே! வெள்ளோட்டமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். மணியக்காரர் அளவுப்படியே ஐந்நூறும் நடக்கட்டும்!"

நாச்சியாரம்மை முற்றத்துப் பக்கம் திரும்பினாள். குவிந்துகிடந்த பானைகளைப் பார்த்தாள். சட்டென்று முகம் மலர்ந்தது.

"உத்தரவு மகாராஜா! ஆனால் இவ்வளவு கச்சிதமாக அளந்தவருக்கு மரியாதை வேண்டாமா? காவலருக்கு முன்னால், மணியக்காரருக்கு மயிற்பீலி வைத்த தொப்பி ஒன்று, என் வீட்டுப் பானையை உருக்கி நானே தருகிறேன். அளவை அவரே எடுக்கட்டும். அவர் அணிந்து சபையில் நின்ற பிறகு ஊர்ப்பானையில் கை வைக்கிறேன்."

மயிற்பீலி என்றதுமே தாண்டவராயர் குளிர்ந்துபோனார். தன் தலையைத் தானே அளந்தார். மெழுகு அச்சு வந்ததும் ராஜாவே கயிற்றை வைத்துப் பார்த்தார். ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

நாலாம் நாள் சபையில் தொப்பி வந்தது. அடடா, என்ன மினுமினுப்பு! தாண்டவராயர் எடுத்துத் தலையில் வைத்தார். நெற்றியிலேயே நின்றுவிட்டது.

"புதுசு, அப்படித்தான் பிடிக்கும்" என்று இரண்டு கையாலும் ஓங்கி அழுத்தினார். இறங்கிவிட்டது! புருவம் மேலே ஏறி, கண் பிதுங்கியது. கழற்றப் பார்த்தார். ஊஹூம். ஒருவன் இடுப்பைப் பிடிக்க, ஒருவன் தொப்பியை இழுக்க, "ஐயோ, தலை வருகிறதே!" என்று அலறினார்.

"அடியே, வேண்டுமென்றே சின்னதாகச் செய்துவிட்டாய்!"

"கயிறு உங்களுடையது ஐயா. அச்சைச் சரிபார்த்தது மகாராஜா. சுருங்கினது வெண்கலம். நான் என்ன செய்ய?"

ராஜா சிரிக்க வாயைத் திறந்தார். ஐந்நூறு பேரும் இப்படி முழி பிதுங்கி ஊர்வலம் போவதை நினைத்தார். திறந்த வாயைச் சட்டென்று மூடிக்கொண்டு நாச்சியாரம்மையிடம் திரும்பினார்.

"ஒரே ஒரு பானையோடு தப்பித்தேன் அம்மா! நான் பேசினது தப்பு. இனி இந்த நாட்டில் எதை வார்த்தாலும் உன் வெள்ளோட்டம் முடிந்த பிறகுதான். போன பானைக்குப் பதிலாக என் அடுக்களையிலேயே பெரிய பானை உனக்கு!"

"காவலர் தொப்பிக்கு வெண்கலம், மகாராஜா?"

"ஐம்பது தொப்பி போதும். என் கட்டிலை உருக்கு. முப்பது வருஷமாகச் சுருங்காதது இப்போது எவ்வளவு சுருங்குகிறது என்று நானும் பார்க்கிறேன்!" சபையே ஆரவாரம் செய்தது. "தாண்டவராயரே, பெயரைப் படித்து வீட்டுக்கு வீடு பானையைக் கொண்டுபோய்க் கொடும். அது முடிந்தபிறகு எண்ணெய் தடவித் தொப்பியைக் கழற்றலாம்."

மயிற்பீலி ஆட ஆட, இடுப்பில் ஒரு பானை, தோளில் ஒரு பானையாகத் தெருத் தெருவாக நடந்தார் மணியக்காரர். முதல் வீட்டுக்காரி விரிசல் இருக்கிறதா என்று தன் பானையைக் கரண்டியால் தட்டினாள். டங்! நல்லபடியாக இருந்தது. பிறகு அவர் தொப்பியிலும் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இதிலும் விரிசல் இல்லை ஐயா. அளவுதான் கொஞ்சம் சின்னது."